உள்ளே இருந்து திறக்கிற கூடாரம்

போன வருடம் மாசி மாதம் நடந்தது. சென்னை போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் கடை இருக்கிறது. அந்தக் கடை வாசலில், வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டி, பட்டப்பகலில் என் மனைவி ஒரு சின்னக் கூடாரத்துக்குள் படுத்திருந்தாள். வெளியே நானும் என் மகளும் கடைப்பெண்ணும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்குக் கூச்சமாகிவிடும். அன்றைக்கு அது எதுவும் தோன்றவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளனாக இருக்கிறேன். பத்தாவது வரை படித்தேன். அதன் பிறகு இந்த வேலைதான். புடவைக் கடைக்காரன் என்றால் நன்றாகப் பேசுவான் என்று நினைப்பார்கள். எனக்குப் பேச்சு வராது. புடவையைப் பிரித்து, முந்தியை விரித்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். மிச்சத்தைப் புடவை பார்த்துக்கொள்ளும்.

வீடு செவிலிமேட்டில். நானும் மனைவியும் ஒரே மகளும். மகள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அவளைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். பங்குனி பிறந்ததும் கிளம்ப வேண்டும். அவளுடைய தோழிகள் சனி ஞாயிறு வந்தால் டென்ட் தூக்கிக்கொண்டு ஏதாவது ஏரிக்கரைக்குப் போய்விடுவார்கள். இவளும் போயிருக்கிறாள். ஊரை விட்டுப் போவதற்கு முன்னால் எங்களையும் அப்படி ஒரு ராத்திரி கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கூட வேலை செய்கிற ஒரு பெண்ணின் குடும்பத்துக்குத் தென்னேரி ஏரிக்கரையில் தோப்பு இருந்தது. பம்புசெட், கயிற்றுக் கட்டில் எல்லாம் இருக்கிறது, தாராளமாக வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"டென்ட் மட்டும் நாம வாங்கணும்பா. சின்னதா, வெல கம்மியா பாரு. நானும் அம்மாவும் படுத்துக்கிற மாதிரி இருந்தா போதும்" என்றாள்.

அம்மாவும் என்று சொன்னதில்தான் விஷயம் இருந்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த தங்கையைப் பார்க்கப் போன என் மனைவி, லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்டாள். கரண்டு போய், இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. ஆட்கள் வந்து திறந்து வெளியே எடுத்தபோது அவளுக்குப் பேச்சு வரவில்லை. அதிலிருந்து மூடின இடம் என்றாலே ஆகாது. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கவில்லை என்றால் அடுத்த பஸ்தான். கோவிலில் வரிசைக் கம்பிகளுக்குள் நுழையமாட்டாள், கொடிமரத்தடியில் நின்றே கும்பிட்டுவிட்டு வருவாள். நான் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எடுத்தால் அந்த நினைப்பு வந்துவிடும் என்று பயம்.

டென்ட் என்றதும் மாட்டேன் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ, "ஏரிக்கரைன்னா காத்து நல்லா வரும் இல்ல?" என்று கேட்டாள். மகள் அவளைக் கட்டிக்கொண்டாள்.

தை முகூர்த்தக் கூட்டம் ஓய்ந்திருந்த சமயம். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நான் மட்டும் அந்தக் கடைக்குப் போனேன். உறை போட்டு உருட்டி வைத்த டென்ட்டுகள் வரிசையாக இருந்தன. நீல டி-ஷர்ட் போட்ட ஒரு பெண், முப்பது வயது இருக்கும், பக்கத்தில் வந்து, "பிரிச்சுக் காட்டட்டுமா சார்?" என்று கேட்டாள்.

"வேணாம்மா, வேணாம்மா" என்று அவசரமாகச் சொன்னேன்.

என் தொழில் அப்படி. ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தால் எத்தனை புடவை பிரிப்போம், அவர்கள் எழுந்து போன பிறகு அத்தனையையும் மடிப்பு பிசகாமல் எப்படி மடித்து வைப்போம் என்பது எனக்குத் தெரியும். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் ஒன்றைப் பிரித்துக் காட்டு என்று கேட்க எனக்கு வாய் வராது. பாவம், அந்தப் பெண்தானே மடிக்க வேண்டும்! உறையின் மேல் இரண்டு பேர் படம் போட்டிருந்தது, விலையும் குறைவாக இருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மொட்டை மாடியில் அதைப் போட்டுப் பார்த்தோம். சாம்பல் நிறம். ஒரே துணி, ஒரே வாசல், அதுவும் தவழ்ந்துதான் போக வேண்டும். பக்கவாட்டில் வலை கிடையாது. மனைவி குனிந்து தலையையும் தோளையும் உள்ளே விட்டாள். அவ்வளவுதான். விருட்டென்று பின்னால் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. எழுந்து கீழே இறங்கிப் போனாள். நாங்கள் போய்ப் பார்த்தபோது, கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. எனக்கு இங்க வேலை இருக்குது" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"நீ வரலன்னா யாரும் போகல" என்றாள் மகள்.

"என்னால எல்லாருக்கும் தொல்ல" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது.

மகள் என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அப்பா, கடையில இத பிரிச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"ஏம்பா?"

"அந்தப் பொண்ணு திரும்ப மடிக்கணுமேம்மா."

அவளுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "ஊரு ஒலகத்துக்கெல்லாம் நாள் பூரா புடவை பிரிச்சுப் போடற. நமக்கு ஒண்ணே ஒண்ணு பிரிக்கச் சொல்ல மாட்டியா?" என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் எங்கள் இரண்டு பேரையும் கட்டாயப்படுத்தி அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் கடையில் விற்ற பொருளைத் திரும்ப வாங்குவது கிடையாது. இங்கே என்ன சொல்வார்களோ! அதே பெண்தான் இருந்தாள். என்னை அடையாளம் கண்டு, "என்ன சார், சின்னதாப் போச்சா?" என்று கேட்டபடி டென்ட்டை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் முகம் மாறியது.

"இத நீங்க பிரிக்கவே இல்லையே சார்."

"பிரிச்சோமே" என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க. பிரிச்ச டென்ட்டு திரும்ப ஒழுங்கா பைக்குள்ள போன கதையே கெடையாது. எங்களுக்கே மடிக்க வராது!"

"அப்பா பட்டுப்புடவைக் கடைங்க. எங்க வீட்டுல கைக்குட்டைய கூட ஷோரூம் மாதிரிதான் மடிச்சு வெப்பாரு" என்றாள் மகள். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. வேறு மாற்றிக்கொள்ளலாம், ஒன்றும் பிரச்சினை இல்லை என்றாள்.

பிறகு அவள் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்கதான் படுக்கப் போறீங்களா அக்கா? உள்ள போனதும் எப்பிடி இருந்துது?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "அது வந்து, அவங்களுக்குக் கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

அவளே சொல்லிவிட்டாள். "லிஃப்ட்டுல மாட்டிக்கினேம்மா. அதுலேர்ந்து மூடின எடம்னா மூச்சு முட்டுது."

அந்தப் பெண் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. தைரியமாக இருங்கள் என்றும் சொல்லவில்லை. வலியை விசாரிக்கும் டாக்டர் மாதிரி சாதாரணமாக, "அக்கா, அதுல எது ரொம்பக் கஷ்டமா இருந்துது? இருட்டா, காத்து இல்லாததா?" என்று கேட்டாள்.

மனைவி நின்று யோசித்தாள். யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"இருட்டு இல்லம்மா. காத்துகூட மேல வந்துக்கினுதான் இருந்துது. நான் தட்டறேன், தட்டறேன்... என் கையால தொறக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. வெளிய இருக்கறவங்க மனசு வெச்சாதான் உண்டு. அதான்."

இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாத விஷயம் அது.

"அப்ப பெருசு சின்னது பிரச்சினையே இல்லக்கா. வாசல்தான் பிரச்சினை. வாங்க, வெளிச்சத்துல போய்ப் பாக்கலாம்" என்று சொல்லி, இரண்டு மூன்று டென்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே நடந்தாள்.

ஒவ்வொன்றாக விரித்துப் போட்டாள். முதலில் போட்டதில் ஆள் நிற்கலாம், ஆனால் விலை எங்களுக்குச் சரிப்படாது. மனைவியே வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். அடுத்தது ஒற்றைத் துணி. அதில் படுத்தால் மூச்சுக்காற்றே பனியாகி உள்ளே சொட்டும் என்றாள். "ரெண்டு பேருன்னு போட்டிருந்தா ஒண்ணரை பேருன்னு நெனச்சுக்கங்க. மூணுன்னு போட்டிருக்கறத எடுத்தா ரெண்டு பேரு நல்லாப் பொரண்டு படுக்கலாம். நீங்க வண்டியிலதான போறீங்க, கொஞ்சம் கனமா இருந்தா என்ன?" என்று பேசிக்கொண்டே மூன்றாவதைப் போட்டாள். அதில் இரண்டு பக்கமும் வாசல். உள்ளே வலை, வெளியே தனியாக ஒரு துணி. வேண்டுமென்றால் வெளித்துணியைச் சுருட்டிக் கட்டிவிட்டு வலைக்குள் படுத்துக்கொள்ளலாம். நான் முதலில் வாங்கியதைவிட விலை கொஞ்சம்தான் அதிகம்.

அவள் செய்த அடுத்த காரியத்தை நான் மறக்கவே மாட்டேன். கடைக்குள் ஓடிப்போய், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு துண்டுக் கயிறு எடுத்து வந்தாள். டென்ட்டுக்குள் நுழைந்து, இரண்டு வாசல் ஜிப்பிலும் உட்பக்கம் ஒவ்வொன்றாகக் கட்டி, வளையம் போல விட்டாள்.

"இருட்டுலயும் கைக்கு ஆப்டும்கா. வெளிய நாங்க யாரும் தொட மாட்டோம். நீங்க நெனச்சா மூடுங்க, நெனச்சா தொறங்க."

என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். வலை ஜிப்பைப் பாதி இழுத்தாள், திறந்தாள். முக்கால்வாசி இழுத்தாள், திறந்தாள். மறுபக்க வாசலிலும் அப்படியே. பிறகு இரண்டு பக்கமும் வெளித்துணியை இழுத்துவிட்டு, வலையையும் முழுசாக மூடினாள்.

"அம்மா?" என்றாள் மகள். பதில் இல்லை. நான் குனியப் போனேன். கடைப்பெண் கையை நீட்டித் தடுத்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, வெளிய எத்தினி பேரு நிக்கிறாங்க?"

"யாரும் இல்ல" என்றேன்.

"பொய்யி. கீழ சந்துல எல்லாரு காலும் தெரியுது. உங்க செருப்பு வாரு அந்துபோற மாதிரி இருக்குது பாருங்க."

நாங்கள் சிரித்த சிரிப்பில் வண்டி எடுக்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சர்ரென்று ஜிப் இறங்கியது. முடி கலைந்து, முகம் சிவந்து, என் மனைவி தானாகவே வெளியே வந்தாள். "இதையே வாங்கிடலாம்" என்றாள்.

விரித்துப் போட்டதையெல்லாம் நானும் கூட உட்கார்ந்து மடித்தேன். "இவ்ளோ பிரிக்க வெச்சிட்டோம்மா உன்ன" என்றேன்.

"பிரிக்கத்தான சார் சம்பளம் குடுக்கறாங்க! மடிக்கற வித்தைய மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை தென்னேரிக்குப் போனோம். காற்று வருகிற பக்கமாக வாசல் வைத்து மகள் டென்ட்டை அடித்தாள். அம்மாவும் மகளும் உள்ளே, நான் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில். இருட்டியதும் கொஞ்ச நேரம் ஜிப் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திறப்பதும் மூடுவதும், திறப்பதும் மூடுவதும். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்க் கேட்கலாமா என்று நினைப்பேன், அப்படியே படுத்துவிடுவேன். பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

பொழுது விடியும்போது எழுந்து பார்த்தேன். ஏரி முழுக்கப் பனி, மேலே கொக்குகள். வலை மூடியிருந்தது. மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். என் மனைவி அவள் பக்கமாகத் திரும்பி, அசையாமல், நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. கரையில் போய் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

என்ன தோன்றியதோ, அன்றைக்கு எனக்கு வாய் வந்தது. "அன்னிக்கி லிஃப்ட்டுல என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். கையில் தங்கைக்கு எடுத்துப்போன கஞ்சி இருந்ததாம். அது ஆறிப்போகுமே என்றுதான் முதலில் கவலைப்பட்டாளாம். சொல்லும்போது இடையில் ஒரு தடவை அழுதாள், ஒரு தடவை சிரித்தாள். அவள் முடித்தபோது வெயில் முதுகில் சுட ஆரம்பித்திருந்தது.

மகள் புனே போய்விட்டாள். என் மனைவி இன்னும் லிஃப்டில் ஏறுவதில்லை. ஏற வேண்டும் என்று நாங்களும் சொல்வதில்லை. அந்தக் கடைப்பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் கூட இருப்பவர்களைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று ஒன்றும் கேட்காமல் இருப்பது மட்டும் அன்பு ஆகிவிடாது, சில சமயம் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிடத்தான் வேண்டும் என்பதை, இத்தனை வயதுக்கு மேல், முன்பின் தெரியாத அவளிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.