ஒரு சுத்து ஓட்டிப் பாக்கறேனுங்க

கிணத்துக்கடவிலிருந்து மேற்கே நாலு மைல் உள்ளே போனால் ஒரு காலனி வரும். சின்னாத்தாள் அங்கேதான் இருக்கிறாள். அம்பத்து மூணு வயசு. பத்து வயசில் கொப்பரைக் களத்துக்குத் தேங்காய் பொறுக்கப் போனவள், கல்யாணமான மறுவாரமும் அதே களத்துக்குத்தான் போனாள். கையை விரிச்சால் ரேகை தெரியாது, அரிவாள் தழும்புதான் தெரியும்.

புருசன் மாசாணம் ஸ்டியரிங் பிடிச்சுப் பிழைச்ச ஆள். ஒரு தோட்டத்துக்காரருக்குப் பதினெட்டு வருசம் கார் ஓட்டினார். ஓட்டி ஓட்டி அவருக்கும் ஒரு ஆசை வந்து, பழசாப் பாத்து ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். ஞாயித்துக்கிழமை ஆனா பொண்டாட்டியையும் மகளையும் பின்னால் உக்கார வெச்சு, ஆனைமலைக் கோயில் வரைக்கும் ஒரு ஓட்டம். ரெண்டு வருசம்கூட அந்தச் சந்தோசம் நிக்கலை. போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவர் உக்காந்தவர்தான்.

கார் வாசலில் தார்ப்பாயைப் போர்த்திக்கிட்டு நின்னது. மகள் செவ்வந்தி பன்னெண்டாவது முடிச்சு, கோயமுத்தூரில் ஒரு காலேஜில் நர்ஸு படிப்புக்கு இடம் வாங்கியிருந்தாள். இருபதாந்தேதிக்குள்ளே பணம் கட்டினால்தான் அந்த இடம் அவளுக்கு. கட்டறதுக்கு அந்த ஊட்டில் காரைத் தவிர வேறே என்ன இருக்குது? வித்துப் போடலாமுன்னு தாயும் மகளும் முடிவு பண்ணினார்கள். செவ்வந்தி காரைக் கழுவி, நாலு பக்கமும் போட்டோ எடுத்து போனில் போட்டாள். போட்டதோட விடலை, அம்மாவை உக்கார வெச்சு ஒரு பாடமும் எடுத்தாள்.

"அம்மா, ஓட்டிப் பாக்கணும்னு கேப்பாங்க. குடுக்கலாம், ஆனா லைசென்ஸை வாங்கி என்ற பழைய போன்ல போட்டோ எடுத்துக்கோ. அப்பறம் நீயும் கார்ல ஏறிக்கோணும். யாரா இருந்தாலும் சாவியைக் குடுத்துப் போட்டு வாசல்ல நிக்கக் கூடாது."

"எனக்குத் தெரியாதாக்கும்? உங்கப்பனோட இருவத்தஞ்சு வருசம் குப்பை கொட்டினவ நானு."

வாஸ்தவத்தில் அவள் சரியாத்தான் செஞ்சாள். முதலில் பொள்ளாச்சியிலிருந்து ஒருத்தர் வந்தார். லைசென்ஸைக் கேட்டாள், சிரிச்சுக்கிட்டே எடுத்துக் குடுத்தார். பின்சீட்டில் ஏறி உக்காந்தாள். தாமரைக்குளம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். கிளட்ச் தேஞ்சிருக்குதுன்னு சொல்லிப் போய்விட்டார். அப்புறம் நெகமத்திலிருந்து அண்ணன் தம்பி ரெண்டு பேர் வந்தார்கள். டயரை உதைச்சுப் பாத்தார்கள், பேனட்டைத் திறந்து மூடினார்கள், ஓட்டியும் பாத்தார்கள். ஊட்டில் கேட்டுச் சொல்றோமுங்கன்னு சொல்லிப் போனவர்கள் சொல்லவே இல்லை.

வந்தவங்க எல்லாருக்கும் சின்னாத்தாள் சொம்பில் தண்ணி கொண்டாந்து நீட்டினாள். எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். "இப்பத்தானுங்க குடிச்சோம்."

அவளுக்கு இது புதுசு இல்லை. சின்னப் பிள்ளையில் களத்தில் தண்ணி கேட்டால், ரெண்டு கையையும் குவிச்சு நிக்கணும், மேலேருந்து ஊத்துவார்கள். இப்ப அந்த மாதிரியெல்லாம் இல்லை. ஏனுங்க, வாங்க, போங்கன்னு மரியாதையாத்தான் பேசுகிறார்கள். காலனிக்குள்ளே வந்தால் தண்ணி மட்டும் இப்பத்தான் குடிச்சிருப்பார்கள்.

பதினாறாந்தேதி, வெயில் நேரம். செவ்வந்தி சர்ட்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுக்க கிணத்துக்கடவு போயிருந்தாள். முந்தின நாள் போனில் கூப்பிட்டு வழி கேட்டிருந்த ஒருத்தர் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தே வந்தார். வெள்ளைச் சட்டை, நெத்தியில் திருநீறு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும்.

"ஏனுங்க்கா, கார் விக்கறது இந்த ஊடுங்களா? என்ற பேரு கிருபாசங்கருங்க. துடியலூர்ல இருந்து வாரேன்."

"இதேதானுங்க. வாங்க, இப்படி நெழலுக்கு வாங்க."

"வெயிலு மண்டையப் பொளக்குது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க்கா."

சின்னாத்தாளா நீட்டலை, அவராக் கேக்கிறார். உள்ளே ஓடிப்போய் சொம்பைக் கழுவி, மறுபடியும் கழுவி, தண்ணி மொண்டு வந்தாள். அவர் அண்ணாந்து ஊத்திக்கலை. உதட்டில் வெச்சு மடக் மடக்குன்னு குடிச்சார். குடிச்சுப் போட்டு, "இன்னொரு சொம்பு கெடைக்குங்களா?" என்றார். காப்பி வெக்கட்டுங்களான்னு கேட்டாள். சர்க்கரை தூக்கலாப் போடச் சொன்னார். கயித்துக் கட்டிலில் அவளுக்குச் சரிசமமா உக்காந்து, மாசாணம் எப்படிச் செத்தார், மகள் என்ன படிக்கிறாள்னு அவ்வளவு பதவிசாக் கேட்டார். செவ்வந்தி படிப்பைக் கேட்டதும், "கட்டாயம் படிக்க வெய்யுங்க்கா, உட்றாதீங்க" என்றார்.

சின்னாத்தாளுக்கு வாய் தானா வந்தது. "நேரமாச்சுங்களே. சோறு உண்டுட்டுப் போங்க."

சொன்ன பிறகு அவளுக்கே திக்குன்னு இருந்தது. அந்த மனுசன் முகம் சுளிக்கலை.

"ஆக்கி வெய்யுங்க்கா. ஒரு சுத்து ஓட்டிப் பாத்துப் போட்டு வந்து உக்காந்து உண்டறேன்."

லைசென்ஸைக் கேக்கணும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நம்ம ஊட்டுச் சொம்பில் வாய் வெச்சுக் குடிச்ச மனுசனை, இலையில் உக்காரப் போற மனுசனை, நீ திருடனா இல்லையா காட்டுன்னு எப்படிக் கேக்கறது? கூட ஏறி உக்காரலாமுன்னா அடுப்பு பத்த வெக்கணும். வந்தவரைக் காக்க வெக்கலாமா? சாவியை எடுத்து ரெண்டு கையாலும் குடுத்தாள்.

அரிசியைக் களைஞ்சு போட்டாள். கொள்ளை வேக வெச்சுக் கடைஞ்சாள், ரசம் வெச்சாள். பக்கத்து ஊட்டு ராமாமணி கிட்டே ஓடி ரெண்டு முட்டை வாங்கி வந்தாள்.

"என்னக்கா இத்தனை அவசரம், யாரு விருந்தாளி?"

"கார் வாங்க வந்திருக்காரு. நம்ம ஊட்டுல சோறு உங்கறாராம்."

ராமாமணி மோவாயில் கை வெச்சுக்கிட்டாள். "அட, ஆருக்கா அந்த மவராசன்?"

ஒரு மணிக்கு வாழை இலையை அறுத்து வந்து கழுவி விரிச்சாள். ரெண்டு மணிக்கு ரசத்தை மறுபடியும் சூடு பண்ணினாள். மூணு மணிக்குச் செவ்வந்தி வந்தாள். வாசலில் தார்ப்பாய் மட்டும் கிடந்தது.

"கார் எங்கம்மா?"

"ஓட்டிப் பாக்கப் போயிருக்காரு கண்ணு. வழியில ஏதோ ரிப்பேரு போல."

"லைசென்ஸ் போட்டோ எடுத்தியா?"

சின்னாத்தாள் இலை மேலே உக்காந்த ஈயை ஓட்டினாள். செவ்வந்தி அவர் முன்னால் கூப்பிட்ட நம்பருக்கு அடிச்சாள். சுவிட்ச் ஆப். மறுபடியும் அடிச்சாள். அப்புறம் இலையையும் சோத்தையும் பாத்து அப்படியே வாசற்படியில் உக்காந்துவிட்டாள்.

ஸ்டேசனில் இருந்த ஏட்டு நல்ல மனுசன்தான், நாற்காலி போட்டுத்தான் கேட்டார். கேட்டுக்கிட்டே வந்தவருக்குச் சிரிப்பை அடக்க முடியலை.

"ஏனம்மா, அவன் காரை ஓட்டிக்கிட்டுப் போறான், நீங்க சோறாக்கிக்கிட்டு இருந்தீங்களா?"

"எங்க ஊட்டுல தண்ணி குடிச்சாருங்க."

"அதுக்கு?"

"ரெண்டு சொம்புங்க."

ஏட்டுக்கு அது புரியலை. ரோட்டோரக் கேமராவில் கார் பாலக்காட்டுப் பக்கம் போனது தெரிஞ்சது, அதோட சரி. பேரும் பொய், சிம்மும் வேற யாரோ பேரில். கார் களவு போனால் பணம் வர்ற இன்சூரன்ஸை மாசாணம் போட்டு வெக்கவும் இல்லை.

ஊருக்குத் திரும்பி, பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கையில் செவ்வந்தி சொன்னாள்.

"அவன் திருட வந்தவன்மா. அவனுக்கு ஆரு ஊட்டுத் தண்ணியா இருந்தா என்ன?"

"தண்ணி குடுத்தது தப்புன்னு மட்டும் சொல்லாதே."

"நான் அதையா சொல்றேன்?"

"நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டாலும் குடுப்பேன்."

இருபதாந்தேதி வந்தது, போச்சு. காலேஜிலிருந்து ஒரு தடவை போன் பண்ணினார்கள். செவ்வந்தி வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, சர்ட்டிபிகேட்டை எடுத்துப் பெட்டிக்குள்ளே வெச்சாள். மறு திங்கக்கிழமை காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிற வேலைக்குச் சேந்தாள். காலையில் ஏழு மணி பஸ், ராத்திரி ஒம்பதரைக்குத் திரும்புவாள்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம் கண்ணு" என்றாள் சின்னாத்தாள், டிபன் டப்பாவை நீட்டிக்கிட்டே.

"ம்" என்று வாங்கிப் பையில் போட்டுக்கிட்டு செவ்வந்தி பஸ் ஏறினாள். அடுத்த வருசத்துக்கு விக்கறதுக்கு அந்த ஊட்டில் ஒண்ணும் இல்லைன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.