நலங்குக்கு முன்னால் போட்ட ஊசி

என் ஓரகத்தி என்னைவிட ஒரு வயது மூத்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பார்க்கிறவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். நான் மூத்த பையனுக்கு வாழ்க்கைப்பட்டேன், அவள் என் கொழுந்தனாருக்கு வாழ்க்கைப்பட்டாள். அதனால் முறைக்கு நான் அவளுக்கு அக்கா. வந்த நாளிலிருந்து வாய் நிறைய "அக்கா, அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. போன தீபாவளிக்கு அவள் மத்திகிரியிலிருந்து வந்து, காரைவிட்டு இறங்கி, "அக்கா" என்றபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

முகம் அப்படி இருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த குழியைக் காணோம். மூக்கிலிருந்து வாயோரம் இறங்கியிருந்த கோட்டைக் காணோம். மேக்கப்பும் இல்லை. ஒரு வாரம் நன்றாகத் தூங்கி எழுந்தவளைப் போல இருந்தாள், அவ்வளவுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோரமாக இருந்திருந்தால் முதல் ஆளாக நானே பாவப்பட்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் வெளியே ரோஜா வைக்கிற வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். உத்தனப்பள்ளியில் எங்களுக்கு ரோஜாத் தோட்டம், பசுமைக்குடில் போட்டது. அவள் அவரிடம் பேசிக்கொண்டு நிற்க, நான் காபி போட உள்ளே போனேன். டம்ளரோடு வெளியே வரும்போது அவர் சொல்வது காதில் விழுந்தது.

"உனக்கு வயசே ஆகல போம்மா!"

காபி கொஞ்சம் காலில் கொட்டியது. இந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருமா? கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் என்னைப் பார்த்து நன்றாக இருக்கிறாய் என்று அவர் சொன்னதில்லை. குழம்பு ருசியாக இருந்தால் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார், அதுதான் அவர் பாராட்டு. அதை நானும் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டிருந்தேன்.

அடுப்படிக்கு வந்தவள் தானாகவே சொன்னாள். "ஃபில்லர் போட்டுக்கிட்டேங்க்கா. பெங்களூர்ல. ஊசிதான், எறும்பு கடிச்சாப்புல இருக்கும். கம்பெனியில ரெண்டு மூணு பேரு போட்டிருக்காங்க."

ஒளித்திருந்தால் கண்டுபிடித்து மானத்தை வாங்கியிருக்கலாம். பாவி, அதற்கும் வழி வைக்கவில்லை.

"எனக்கெல்லாம் என்னாத்துக்கும்மா அது? மண்ணுல கெடக்கறவ" என்றேன். என் குரலில் இருந்த புளிப்பு அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் வேலை பார்ப்பது கம்பெனியில், ஏசி அறையில். நான் விடிந்தால் பூ பறிக்கப் போகிறவள். ரோஜா கருகக்கூடாதென்று மேலே நிழல்வலை கட்டினோமே, என் மூஞ்சிக்கு யார் கட்டினார்கள்?

தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. வீடே சந்தோஷத்தில் இருந்தது. என் மனதில் மட்டும் மண்டப மேடை வந்து வந்து போனது. மேடையில் நானும் ஓரகத்தியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண்ணின் அக்கா என்பார்கள், என்னைப் பாட்டி என்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. ஊரார் என்ன சொன்னால் எனக்கென்ன? என் வீட்டுக்காரர் அந்த மேடையில் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவேண்டும், பார்த்துவிட்டு என்னிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு பெங்களூர் பஸ் ஏறினேன். ஜூஜுவாடியில் வண்டிகள் நெருக்கியடித்து பஸ் நகரவே இல்லை. இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. "வயசே ஆகல போம்மா" என்பது காதில் கேட்டது. சீட்டில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டேன்.

அவள் போன இடத்துக்குப் போகவில்லை, வேறு கிளினிக். டாக்டர் ஒரு கன்னடப் பெண், பொறுமைசாலி. என் கன்னத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வயதாக ஆக முகத்தின் உள்சதை வற்றுகிறது, வற்றின இடத்தில் ஒரு கூழை ஊசியால் நிரப்புகிறோம், அவ்வளவுதான் என்றார். ஆளைப் பொறுத்து ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கும், அப்புறம் தானாகக் கரைந்துவிடும், வேண்டாமென்றால் முன்னாலேயே கரைக்கவும் ஊசி உண்டு என்றார்.

"கரையறதுக்கா இத்தனை பாடு?" என்று நான் சண்டைக்குப் போனேன். அவர் சிரித்தார்.

நான் கைப்பேசியை எடுத்து ஓரகத்தியின் தீபாவளிப் படத்தைக் காட்டினேன். இதுபோல வேண்டும் என்றேன். அவள் எலும்பு வேறு, உங்கள் எலும்பு வேறு, அவள் முகத்தை உங்களுக்கு வைக்க முடியாது, உங்கள் முகத்தைத்தான் கொஞ்சம் தூக்கிக் கொடுக்க முடியும் என்றார். பிறகு என்னைச் சிரிக்கச் சொன்னார். சிரித்தால் என் இடது கன்னத்தில் ஒரு கோடு விழும், சின்ன வயதிலிருந்தே உண்டு, இப்போது ஆழமாகிவிட்டது. அதை விரலால் தொட்டு, "இது இர்லி, சென்னாகிதெ" என்றார். அழகாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

"பேடா. எல்லா தெகீரி" என்றேன், வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று. ஓரகத்திக்கு ஒரு கோடும் இல்லாதபோது எனக்கு மட்டும் எதற்கு?

மரத்துப்போகும் களிம்பைப் பூசி உட்காரவைத்தார்கள். எறும்பு கடி என்று சொன்னாளே, அது கடிதான், ஆனால் எறும்பு இல்லை. கண்ணோரம் தண்ணீர் வந்துவிட்டது. ஊசி போகும்போதெல்லாம் தோலுக்குள் எதுவோ நெறுநெறுவென்று ஊர்ந்தது. டாக்டர் நடுநடுவே விரலால் நீவிச் சரிசெய்தார். பிறகு எச்சரிக்கைகள். வலி தாங்க முடியாமல் போனாலோ, தோல் வெளுத்தாலோ, பார்வை மங்கினாலோ அந்த நிமிஷமே போன் பண்ணவேண்டும். வீக்கமும் நீலமும் சில நாளில் வடியும். குப்புறப் படுக்கக்கூடாது, அடுப்பு அனலில் நிற்கக்கூடாது. முக்கியமாக இரண்டு வாரத்துக்கு முகத்தை யாரும் அழுத்தித் தேய்க்கக்கூடாது.

"மதுவே யாவாக?" என்று கல்யாணம் எப்போது எனக் கேட்டார். நான் முகூர்த்த நாளைச் சொன்னேன். நாள் இருக்கிறது, பயமில்லை என்றார்.

முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே நலங்கு வைப்போம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு என் மூளையில் மேடை ஒன்றுதான் இருந்தது. டாக்டருக்கு நலங்கு என்ன தெரியும்? கேட்டதற்குக் கணக்குச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்து, "பல்லப் புடுங்குனா ரெண்டு பக்கமுமா வீங்கும்?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அக்கா. என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. பசுமைக்குடிலுக்குள் வெக்கையாக இருக்கிறதென்று நான் போகாமல் இருந்ததற்கும் எதுவும் சொல்லவில்லை, தானே போய்ப் பறித்துக்கொண்டு வந்தார்.

நலங்கன்று காலை பெண்ணை மனையில் உட்காரவைத்து மஞ்சள் பூசினோம். எங்கள் வீட்டு வழக்கம் அதோடு நிற்காது. பெண்ணுக்கு வைத்த அதே கிண்ணத்திலிருந்து வழித்து, நாத்தனார் பெண்ணின் தாய்க்கு இரண்டு கன்னத்திலும் தேய்க்கவேண்டும். தாய் வேண்டாமென்று முகத்தைத் திருப்பினால் பெண்ணுக்கு ஆகாது என்பார்கள். என் நாத்தனார் ராயக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவர், நித்தமும் களி கிண்டுகிற கை. அந்தக் கை நிறைய மஞ்சளோடு என்னை நோக்கி வந்தபோதுதான் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஐயோ!

என்னையும் அறியாமல் ஓரடி பின்னால் போனேன்.

"என்னா, பெத்தவ மஞ்சளுக்கு மொகத்தத் திருப்புற?" நாத்தனாரின் குரல் ஏறியது. பாட்டு நின்றது. மனையில் இருந்த என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தைக் கொடுத்தால் போட்டதெல்லாம் கோணிக்கொள்ளும், கொடுக்காவிட்டால் என் பிள்ளையின் நலங்கிலேயே பழிச்சொல்.

"அண்ணி, நில்லுங்க. இன்னைக்கு அக்காவுக்கு நான்தான் வெப்பேன். மூத்தவங்களுக்கு நான் பண்ணக்கூடாதா?" என்று ஓரகத்தி நடுவில் புகுந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

என் முகத்துக்கு அருகில் வந்து ஒரு பார்வை பார்த்தாள். அந்த ஒரு பார்வை போதும். நெற்றியில் வைத்தாள், தாடையில் வைத்தாள், காதோரம் தடவினாள். கன்னத்தில் வெறும் விரல்நுனியால் மஞ்சள் தண்ணீரைத் தொட்டு ஒற்றினாள். ஊசி இறங்கிய ஒரு இடத்தைக்கூட அழுத்தவில்லை. பார்த்தவர்களுக்கு முகம் முழுக்க மஞ்சள். கூட்டம் குலவையிட்டது.

"என்கிட்ட சொல்லியிருந்தா நல்ல எடத்துல கூட்டிட்டுப் போயிருப்பேனே அக்கா" என்று காதோடு சொன்னாள்.

நன்றி வரவேண்டிய இடம். வந்தது எரிச்சல்தான். நல்ல இடமாம்! அப்படியென்றால் என்னுடையது நன்றாக இல்லையா? காப்பாற்றியதிலும் அவளே ஒரு படி மேலே போய்விட்டாளே என்று நெஞ்சு காந்தியது. மகள் மறுபடி சிரிக்கத் தொடங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கல்யாணத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. மேடையில் என்னைப் பாட்டி என்று யாரும் சொல்லவில்லை, "நல்லா பளிச்சுனு இருக்கறியே" என்று பத்துப்பேராவது சொன்னார்கள். என் வீட்டுக்காரர் தாம்பூலப் பையையும் பந்தியையும் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

மகள் மாமியார் வீட்டுக்குப் போன பிறகு, ஒரு நாள் காலையில் ரோஜாவைக் கட்டுக்கட்டி அட்டை சுற்றிக்கொண்டிருந்தோம். வண்டி வரும்வரை அவர் கைப்பேசியில் கல்யாணப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். நானும் ஓரகத்தியும் சேர்ந்து நிற்கிற படம் வந்தது. என்னால் அடக்க முடியவில்லை.

"தீபாவளிக்கு அவளப் பாத்து வயசே ஆகலன்னு சொன்னீங்களே. என்னைய ஒரு நாளாச்சும் சொன்னீங்களா?"

அவர் திகைத்துப்போனார். "அவ 'எப்படி இருக்கேன் மாமா'ன்னு கேட்டா. சொன்னேன். நீ கேக்கவே இல்லயே."

"சரி, இப்பக் கேக்கறேன். சொல்லுங்க."

அவர் கைப்பேசியைக் கீழே வைத்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது, சிரித்துவிட்டேன்.

"இந்தப் பக்கம் ஒரு கோடு இருக்குமே, நீ சிரிச்சா விழுமே" என்று என் இடது கன்னத்தைக் காட்டினார். "பொண்ணு பாக்க வந்தப்பவே பாத்தேன். அது எங்க?"

குனிந்து ரோஜாவை எடுத்தேன், முள் குத்தியது, எடுத்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கோட்டை வைத்திருந்த பழையவள்மேல் எனக்கு வந்த பொறாமை, ஓரகத்திமேல்கூட வந்ததில்லை. பெண் பார்க்க வந்த நாளிலிருந்து இந்த மனுஷன் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பழையவளைத்தானாம். எனக்குத் தெரியவே இல்லை.

கரைக்கவும் ஊசி உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொரு ஊசிக்கு எனக்குத் தைரியம் இல்லை. தினமும் காலையில் பூ பறிக்கப் போகுமுன் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்க்கிறேன், அவள் திரும்பி வந்துவிட்டாளா என்று.