என் தங்கையின் பாதி மனை

நான் என் தங்கையை ஏமாற்றினேன். அவளுக்குரிய பாதி மனையை, வங்கி ஜாமீனுக்கு என்று பொய் சொல்லி, என் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டேன்.

சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரானதும் வெளியூர் அலுவலர்கள் வாடகை வீடு தேடி அலைந்தார்கள். ஊருக்கு வெளியே அப்பா விட்டுப்போன மனை எனக்கும் தங்கை செல்விக்கும் பொதுவாகக் கிடந்தது. அதில் நான்கு குடித்தனம் வைத்துக் கட்ட ஆசைப்பட்டேன். அதுவரை ஒரு கோழிக்கூண்டுகூடக் கட்டியறியாதவன், டிராக்டர் உதிரிபாகம் விற்பவன்!

கடன் தேடினேன், தேடத் தேடக் குழம்பினேன். வங்கியில் வட்டி குறைவு, ஆனால் மாறுமாம். வீட்டுக்கடன் நிறுவனத்தில் மாறாது, ஆனால் அதிகம். தனியார் ஃபைனான்சிலோ பார்க்கக் குறைவு. அசல் குறைந்தாலும் வட்டி குறையாதாம்! அப்படியென்றால் எதுதான் மலிவு? கடையில் கிடந்த அட்டைப்பெட்டிகளில் எல்லாம் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது.

கடைசியில் வங்கி அலுவலர் பொறுமையாகச் சொன்னார்: "உங்க தங்கச்சியும் கூட்டா கடன்ல சேரலாம். இல்லன்னா அவங்க பாகத்த உங்களுக்கே விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதலாம். எதுவா இருந்தாலும் வட்டி ஒண்ணுதாங்க."

புரியாத அத்தனை பேச்சுக்கும் நடுவே அந்த ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. பிறகு ஏன் இரண்டாவதைத் தேர்ந்தேன்? குழப்பத்தில் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். குழப்பமா... பேராசையா? சத்தியமாகத் தெரியவில்லை!

ஜாமீன் கையெழுத்து என்று நான் சொன்னதை நம்பி, மணலூர்பேட்டையிலிருந்து செல்வி பதிவு அலுவலகத்துக்கு வந்தாள். பத்திரத்தைப் படிக்கவில்லை. "இன்னாண்ணா, எங்க போடணும்?" என்று மட்டும் கேட்டாள். சம்மதம்தானா என்று சார்பதிவாளர் கேட்டதற்கு, "அண்ணன் சொன்னா சரிதாங்க" என்றாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

வீடு எழும்பியது. மாடியில் கல்வராயன்மலைப் பள்ளிக்குப் போய்வரும் ஆசிரியர் ஒருவர் குடியிருக்கிறார். நல்ல காற்று, மலை தெரிகிறது என்று என்னைப் பாராட்டுகிறார். எனக்குக் கூசுகிறது.

போன மாதம் செல்வி மூன்று கடன் தாள்களோடு கடைக்கு வந்தாள்.

"பாப்பாவ நர்சிங் சேக்கணும்ணா. மூணு எடத்துல கேட்டுக்கினு வந்தேன், ஒண்ணும் புரியல. உனுக்குத்தான் இதெல்லாம் தெரியும். மனையில என் பாதிய வச்சா பேங்குல குடுப்பாங்களா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? நாக்கு நுனிவரை வந்தது... ஆனால் நான் சொன்னதோ வேறு. "மனையெல்லாம் வாணாம்மா. அலைய வுடுவாங்க. நகைக்கடன்தான் சுளுவு." மாறும் வட்டி, மாறாத வட்டி எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் விளக்கினேன். வாழ்நாளில் முதன்முறையாகத் தடுமாறாமல் விளக்கினேன்! எவ்வளவு கேவலம்!

"அப்பச் சரிண்ணா," என்று அவள் அங்கேயே கம்மலைக் கழற்றப் பார்த்தாள். திருகாணி இறுகியிருந்தது.

"வரமாட்டங்குது. நீ கொஞ்சம் கயட்டி வுடுண்ணா," என்று காதை என் பக்கம் காட்டினாள்.

கழற்றிக் கொடுத்தேன்.