சீனிக்கட்டிப் பிரமிட்டில் அம்மாவின் படம்

முட்டை வெள்ளைக்கருவும் மாச்சீனியும் குழைந்து காயும்போது பச்சையும் இனிப்புமாக ஒரு மணம் வரும். இன்றும் ஏதாவது வெதுப்பகத்தைத் தாண்டும்போது அந்த மணம் அடித்தால், டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் நான் நான்காம் வகுப்புப் படித்த மாரிகாலமும், அங்கே அந்தக் குழம்பால் சீனிக்கட்டிகளை ஒட்டிக் கட்டிய பிரமிட்டும் நினைவுக்கு வந்துவிடும்.

ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்டுக்குக் கொடுக்க இருந்த காசு இரண்டு பேருக்குத்தான் போதும் என்பதால் அப்பாவும் நானும் முதலில் வந்தோம்; அம்மாவும் தம்பியும் யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பம் கொப்பன்ஹேகனில் எங்கோ ஒரு மேசையில் இருந்தது. எங்கள் ஆட்கள் கடையில் சந்தித்தாலும் பஸ்ஸில் சந்தித்தாலும் "பேப்பர் வந்திட்டுதோ?" என்றுதான் கேட்பார்கள், சுகம் விசாரிப்பது அதற்குப் பிறகுதான். எவருக்கும் வரவில்லை. அந்த மாரியில் அம்மாவின் கடிதமும் இரண்டு மாதமாக நின்றுபோயிருந்தது.

வகுப்பில் அப்போது எகிப்து நடந்துகொண்டிருந்தது. அங்கே ஆசிரியர்களையும் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். எங்கள் ஆசிரியை கிர்ஸ்டன். எகிப்துச் சனங்கள் சுண்ணாம்புக் கல்லை வெட்டி, மரச்சறுக்கில் ஏற்றி, முன்னால் ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போக மற்றவர்கள் கயிறு பிடித்து இழுத்ததையும், மண்ணால் சரிவுப்பாதை அமைத்து வரிவரியாகக் கல்லை மேலே ஏற்றியதையும், கடைசியில் பெரிய கற்களைச் சரியவிட்டு உள்வழியை அடைத்ததையும் அவர் படம் படமாகக் காட்டினார். அப்படி அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் ராசாவை ஒருவரும் தொட முடியாது, அவர் போகவேண்டிய இடத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேருவார் என்று அவர்கள் நம்பினார்களாம்.

பத்திரமாக என்ற அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாயிருந்தது. பிறகு நாங்கள் ஆளுக்கொரு பலகையில் சீனிக்கட்டியால் பிரமிட்டுக் கட்டினோம். மற்றப் பிள்ளைகள் தங்கள் பிரமிட்டுக்குள் பிளாஸ்டிக் ராசாக்களை வைத்தார்கள். நான் எங்களிடம் இருந்த அம்மாவின் ஒரே படத்தை வீட்டில் சொல்லாமல் எடுத்துப்போய், வழிச் சாப்பாட்டுக்கு ஒரு பிடி அரிசியும் சேர்த்து உள்ளே வைத்து, வாசல் விடாமல் மூடிவிட்டேன்.

பெற்றோர் பார்க்க வரும் நாளன்று அப்பாவோடு எங்கள் அறையில் கூட இருந்த சிவமண்ணையும் வந்தார்.

"சீனியிலையோ கட்டினனி? எங்கட ஊரிலயெண்டால் விடியமுன்னம் எறும்பு தூக்கிக்கொண்டு போயிடும்" என்று அவர் சிரித்தார்.

"ஆரின்ர சமாதி பிள்ளை இது?" என்று அப்பா கேட்டார்.

"அம்மாவை உள்ளுக்கு வைச்சிருக்கிறன். பத்திரமா வந்து சேருவா."

சிவமண்ணையின் சிரிப்பு நின்றுவிட்டது. செத்தவர்களின் படத்துக்குப் பக்கத்தில் உயிரோடிருப்பவரின் படத்தைக் கொழுவக்கூட எங்கள் வீடுகளில் சம்மதிக்க மாட்டார்கள்.

"எடு. இப்பவே எடு" என்றார் அப்பா.

"எடுக்கேலாது அப்பா. அப்பிடித்தான் அதைக் கட்டுறது."

அப்பா கையாலேயே உடைக்கத் தொடங்கினார். காய்ந்த குழம்பு கல்லாய் இறுகியிருந்தது. விரலில் கீறி இரத்தம் வந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். கிர்ஸ்டன் ஓடிவந்து என்ன நடக்கிறது என்று கேட்டார். அப்பாவிடம் தொழிற்சாலை டேனிஷ்தான் இருந்தது, அதனால் நான்தான் சொல்லவேண்டியிருந்தது: "என் அம்மா சாகவில்லை என்கிறார்." கிர்ஸ்டன் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு குனிந்து, அப்பா உடைத்து முடிக்கும்வரை பலகை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

படம் வெளியே வந்தபோது அம்மாவின் ஒரு கன்னம் குழம்போடு உரிந்துபோயிருந்தது. அப்பா அதைத் துடைத்துப் பேர்சில் வைத்தார். பஸ் தரிப்பில் நிற்கும்போது, "உன்னில பிழையில்லை" என்றார். எனக்கு அது நம்பிக்கையாக இல்லை. வழியை அடைத்தவள் நான்தானே என்று ஒவ்வொரு மாதமும் நினைத்தேன்.

எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் வேண்டுமென்றே தொடப்படாமல் கிடந்தன என்பது பின்னால் விசாரணையில் வெளிவந்து, டென்மார்க் அரசாங்கமே விழுந்தது. அதற்கிடையில் அம்மா தம்பியோடு வந்து சேர்ந்திருந்தா. எனக்கு அப்போது பதினாலு வயது. விமான நிலையக் கூட்டத்துக்குள் அவ ஒரு சின்னப் பிள்ளையைத் தேடிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டா. நான் பிரமிட்டுக் கதையைச் சொன்னபோது, "எனக்கோடி உயிரோட சமாதி கட்டினனி? அதுதான் அங்க எனக்கு மூச்சு முட்டினது" என்று வயிறு குலுங்கச் சிரித்தா. நான் டேனிஷில் பதில் சொன்னேன், அவவுக்கு விளங்கவில்லை.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டேன், பதினேழில் வீட்டையும் விட்டேன். எஸ்பியர்க் துறைமுகத்தில் மீன் வெட்டினேன், கப்பல் சமையலறைகளில் சட்டி கழுவினேன். ஒருமுறை கெய்ரோவரை போய் அந்தக் கல்லில் கையும் வைத்தேன். கல் இழுத்தவர்கள் அடிமைகளல்ல, கூலியாகப் பாண் ரொட்டியும் பியரும் வாங்கிக்கொண்டு வேலை முறை முடிய வீட்டுக்குப் போனவர்கள் என்று வழிகாட்டி சொன்னான். வீட்டுக்குப் போனார்கள் என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

இப்போது அம்மா கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்து டோஸ்ட்ருப்பில் தம்பியோடு இருக்கிறா. அப்பா இல்லை, அவருடைய பேர்ஸ் என்னிடம் வந்தது. படத்தில் நீண்ட பின்னலோடு, ஒரு கன்னம் மட்டும் வெள்ளையாக, முப்பது வயதுப் பெண் ஒருத்தி நிற்கிறாள். அவளுக்காகத்தான் விண்ணப்பம் எழுதினோம். விமானத்தில் வந்து இறங்கியவ தலை நரைத்த வேறொருத்தி. பின்னல் போட்ட அந்தப் பெண் டென்மார்க்குக்கு வரவேயில்லை.