அடிக்குறிப்பு நான்கு: எந்தப் பக்கம்?

1956 செப்டம்பர் 13, வியாழன் என்று தேதியிட்ட ஒரு கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சென்னைக் கல்லூரி ஒன்றின் வரலாற்று மன்ற இதழுக்கு நான் அனுப்பிய கட்டுரையைப் பற்றி அதன் பதிப்பாசிரியர் எழுதியது. "'நான்' வேண்டாம். 'அற்புதமான' வேண்டாம். 'எல்லோரும் அறிந்ததே' என்கிறீர்கள். யார் யார் என்று தெரியவில்லை. அடிக்குறிப்பு நான்கில் எந்தப் பக்கம் என்று குறிக்கவும். திங்கட்கிழமைக்குள் பதில் வராவிட்டால் கட்டுரை திருப்பி அனுப்பப்படும்."

கடிதம் வெள்ளி மாலை கும்மிடிப்பூண்டிக்கு வந்தது. நான் அங்கே பள்ளி ஆசிரியை. என் பெயரை ஒருமுறையாவது அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று பைத்தியமாக இருந்த காலம். அப்போதே உட்கார்ந்து பதினேழு 'நான்'களை அடித்தேன். மறுநாள் காலை என் கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். "காப்பி குடிக்கப்பட்டது. சர்க்கரை போடப்படவில்லை என்று தெரிகிறது."

"ஆதாரம்?" என்றேன். நாக்கை நீட்டிக் காட்டினார். கல்யாணமாகி ஐந்து மாதம்.

நான்காம் அடிக்குறிப்பு, பழவேற்காட்டில் துணி வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பழைய நோட்டைப் பற்றியது. மொழி தமிழ், எழுத்து அரபு. அந்த வியாபாரி வாசிக்க, நான் எழுதி வந்திருந்தேன். மூட்டைகளோடு ஒரு தோணி மழையில் கரை சேர்ந்த செய்தி அதில் இருந்தது. எந்தப் பக்கம் சேர்ந்தது என்று நான் கேட்கவில்லை. அன்றே நானும் கணவரும் பொன்னேரி வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடித்தோம்.

"பாய், அந்தத் தோணி ஏரிக்கு எந்தப் பக்கம் கரை சேர்ந்தது?"

வியாபாரி தாடியைத் தடவினார். "நோட்டுல கரைன்னு மட்டும்தான் கீது டீச்சரம்மா."

வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த படகுக்காரர், "வடக்கால தான் பாய். தெக்கால ஒரே சேறு, தோணி மாட்டிக்கும்," என்றார்.

"நீ பாத்தியா?"

"நீங்க மட்டும் பாத்தீங்களா?"

"எங்க பாட்டனாரு துணிய்யா! எங்க ஊட்டாண்ட தெக்காலதான் எறக்கியிருப்பாரு!"

'வடக்கு என்றும் தெற்கு என்றும் இருவிதமாகக் கூறப்படுகிறது' என்று குறித்துக்கொண்டேன். எனக்கே பெருமையாக இருந்தது.

"இன்னாதான் எழுதிக்கிறாரு அந்த ஆளு, காட்டுங்க," என்று வியாபாரி கடிதத்தை வாங்கிப் படித்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. "டீச்சரம்மா, அவரு ஏரிய கேக்கல. நோட்டுல எத்தனாவது பக்கம்னு கேக்கறாரு!"

என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். படகுக்காரர், "அப்ப நான் சொன்ன வடக்கு வாணாமா?" என்றார்.

நாலு மணி பஸ்ஸில் தபால் பை போய்விடும். அப்போது மூன்றரை. நோட்டில் பக்க எண்ணே இல்லை. தோணிச் செய்தி இருந்த பக்கத்தில் வியாபாரி ஒரு நூலை வைத்துக் கொடுத்தார். அட்டையைத் திறந்து பரபரவென்று எண்ணினேன். முப்பதைத் தாண்டியும் தோணி வரவில்லை.

"பேஜாரு பண்றீங்களே! அது கடைசிம்மா. இது வலது கைப் பக்கத்துலேர்ந்து தொடங்கும்," என்றார் வியாபாரி.

திருப்பிப் போட்டு நால்வரும் சத்தமாக எண்ணினோம். படகுக்காரர் ஏழுக்குப் பிறகு ஒன்பது என்றார். மறுபடி முதலிலிருந்து. இரண்டு முறை பதினொன்று வந்தது. கார்டில் 'ப. 11' என்று எழுதிக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினேன். செருப்பில் ஒன்று மணலோடு போயிற்று. பையைக் கட்டிக்கொண்டிருந்தவர் முடிச்சை அவிழ்த்து வாங்கிக்கொண்டார்.

கட்டுரை அந்த இதழிலேயே வந்தது. அதில் ஒரு 'நான்' கூட இல்லை. மேலே என் பெயர் மட்டும் இருந்தது. நாள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றை மட்டும் இங்கே பதிவு செய்ய வேண்டும். நோட்டின் தொடக்கத்தில், கிழிந்துபோன ஒரு தாளின் விளிம்பு தையலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அதை எண்ணவில்லை. அதில் இருபுறமும் எழுத்து இருந்திருந்தால் தோணி பதின்மூன்றாம் பக்கத்தில் வரும். இருந்ததா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.