இரண்டு ஆக்ஸிலும் ஒரு கேட்டும்

மந்தைவெளியில் எங்கள் வீட்டுக் கேட்டின் மேல் யார் கை வைத்தாலும், தன் மேலேயே கை வைத்த மாதிரி அப்பாவுக்குக் கோபம் வரும். தண்ணீர் லாரி ஒன்று ஒருமுறை இடப்பக்கத் தூணை லேசாக உரசிவிட்டுப் போனது. அப்பா சட்டைகூடப் போடாமல் தெருமுனை வரை அதன் பின்னால் ஓடி, டிரைவரைக் கையோடு அழைத்துவந்து, சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தைக் காட்டிவிட்டுத்தான் விட்டார். அதன் பிறகு அந்த டிரைவர் எப்போது வந்தாலும் முதலில் தூணைத்தான் நலம் விசாரிப்பார். தூண்கள் தாத்தா நின்று கட்டியவை. வீட்டை மூத்த பிள்ளையான அப்பாவின் பெயருக்கு எழுதி, தம்பியைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் தாத்தா போய்ச் சேர்ந்திருந்தார்.

அந்தத் தம்பிதான் என் சித்தப்பா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் திரைச்சீலைப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். பகலெல்லாம் பிறத்தியார் ஜன்னலுக்குத் துணி அளந்து கொடுக்கிற மனிதருக்கு, வண்டியெடுத்துக்கொண்டு மலைக்காட்டுப் பாதையில் ஏற வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை. எங்கோ எஸ்டேட்டில் ஓடிக் களைத்த பிக்கப் வண்டி ஒன்றை வாங்கிவந்து, வீட்டுக்குப் பக்கவாட்டில் வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும், நானும் சொன்னேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் வண்டிக்கு முன்சக்கரங்களைக் காணோம். சக்கரம் மட்டுமில்லை, சக்கரத்தைப் பிடித்திருந்த இரும்புக் கைகளையும் அறுத்துத் தரையில் போட்டிருந்தார் சித்தப்பா. வண்டி இரண்டு மரக்கட்டைகளின் மேல் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அம்மா வாயில் கை வைத்தபடி நின்றாள். ஓடுகிற வண்டியை எதற்குத் தம்பி வெட்டிப் போட்டீர்கள் என்று அவள் கேட்டதற்கு, சித்தப்பா கடை வாடிக்கையாளரிடம் பேசுவது போலப் பொறுமையாக விளக்கினார். இந்த வண்டியில் முன்சக்கரம் இரண்டும் தனித்தனியாகத் தொங்குகின்றன. ஊருக்குள் ஓட்ட அது சொகுசு; பாறையில் ஏற உதவாது. பழைய ஜீப்புகளில் இருப்பது போல இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே கெட்டி ஆக்ஸிலாகப் போட்டுவிட்டால் அப்புறம் கவலையே இல்லை. சரி, அந்த ஆக்ஸில் எங்கே என்றாள் அம்மா. இனிமேல்தான் தேட வேண்டும் என்றார். முதலில் வெட்டாவிட்டால் தனக்கே மனம் மாறிவிடும் என்று பயமாம்.

அடுத்த விடுமுறை நாளில் என்னையும் புதுப்பேட்டைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு சந்தில் இரும்புக் குவியலுக்கு நடுவே இரண்டு ஆக்ஸில்கள் கிடந்தன. இரண்டுமே சித்தப்பா வண்டியின் பின் ஆக்ஸில் பற்சக்கரத்தோடு பல்லுக்குப் பல் ஒத்துப்போகும். ஒன்று பழைய ஜீப்பினுடையது, குட்டை. மற்றது ராணுவத்தில் கழித்துப் போட்ட லாரியினுடையது, நல்ல நீளம். சித்தப்பா கடையில் துணி அளக்கிற டேப்பையே எடுத்து வந்திருந்தார். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். குட்டையைப் போட்டால் டயர் உள்ளே ஒடுங்கி, வண்டியைத் திருப்பும்போது சட்டத்தில் இடிக்கும். நீளத்தைப் போட்டால் தாராளமாகத் திரும்பும். ஆனால் டயர்கள் இரண்டு பக்கமும் வெளியே பிதுங்கி நிற்கும். கடைக்காரருக்குக் குழப்பமே இல்லை.

"இன்னா நைனா யோசிக்கிறே? இது மிலிட்டரி சாமான். இத்த மாட்டிக்கினு போனா மலையே வழி வுடும். அது கீதே, அது காய்கறி வாங்கினு வர்றதுக்குத்தான் லாயக்கு."

சித்தப்பா நீள ஆக்ஸிலின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். துரு விரலில் ஒட்டியதைத் துடைக்கக்கூட இல்லை. திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆள் காத்திருக்கிறான் என்று கடைக்காரர் சொன்னதும், அளவை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பஸ்ஸில் அவர் டேப்பை இழுப்பதும் விடுவதுமாகவே வந்தார். கேட்டைப் பற்றித்தான் யோசிக்கிறார் என்று எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மா போட்ட கோலத்துக்குப் பக்கத்திலேயே, அவளுடைய கோலமாவை எடுத்துக் கேட்டுக்கு நேராக இரண்டு ஆக்ஸில்களையும் தரையில் வரைந்தார் சித்தப்பா. குட்டை தூண்களுக்கு நடுவில் சமர்த்தாக அடங்கியது. நீளமோ இரண்டு பக்கமும் தூண்களில் இடித்துக்கொண்டு நின்றது. எதிர்வீட்டு மாமி அது என்ன கோலம் என்று எட்டிப் பார்த்தார். நான் டேப்பின் முனையைத் தூணில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது அப்பா காப்பி டம்ளரோடு வெளியே வந்தார். நான் சட்டென்று தூணிலிருந்து கையை எடுத்துவிட்டேன். சித்தப்பாவும் எழுந்து நின்றார்.

"சின்னதையே வாங்கிடறேண்ணா," என்றார், யாரும் கேட்காமலே. "திரும்பறப்ப கொஞ்சம் இடிக்கும். பரவாயில்ல. கேட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

அப்பா தரையைப் பார்த்தார். குட்டைக் கோட்டையும் நீளக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். காப்பி ஆறுகிற வரை பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பெரிசையே வாங்குடா," என்றார். "கேட்டை இடிச்சுக்கலாம்."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. டேப் கையிலிருந்து நழுவிச் சித்தப்பாவிடம் சுருண்டு ஓடியது. உலகத்தில் எது நடந்தாலும் இது நடக்காது என்று நினைத்திருந்தேன். குதிக்க வேண்டும் போலிருந்தது. அம்மாவைப் பார்த்தேன், அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சித்தப்பாவைப் பார்த்தேன். ஆசைப்பட்டது கிடைத்த மனிதரின் முகமாக அது இல்லை. ரத்தமெல்லாம் வடிந்த மாதிரி வெளுத்துப் போயிருந்தது.

"கையெழுத்துப் போட்டாச்சாண்ணா?"

அப்பா டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே தலையசைத்தார்.

ஒரு கேட்டை இடிப்பதற்குக்கூட மாநகராட்சியில் கையெழுத்துப் போட வேண்டும் போலிருக்கிறது, அதை அப்பா நமக்காக முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியது. தெருவில் போய் என் தோழிகளிடமெல்லாம் எங்கள் கேட்டை இடிக்கப் போகிறோம் என்று பெருமையடித்துவிட்டு வந்தேன்.

வீட்டையே இடிக்கத்தான் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். அடுக்குமாடி கட்டுகிற ஆட்கள் முன்பு ஒருமுறை வந்தபோது அவர் விரட்டிவிட்டதாகத்தான் சித்தப்பா நம்பிக்கொண்டிருந்தார். ஒழுகுகிற கூரை, வளர்கிற பெண், நெருங்குகிற ஓய்வு என்று அப்பாவுக்கு ஆயிரம் காரணங்கள் இருந்திருக்கும். தம்பியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. இருக்கப் போகாத ஒரு கேட்டுக்காகத் தம்பி மட்டமான ஆக்ஸிலை வாங்குவதை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த ஒரு இரக்கத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பெரியவளான பிறகு இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரிவதில்லை.

அன்று நான் கோபப்படச் சித்தப்பா இருந்தார். மாலையில் அவர் புதுப்பேட்டைக்குப் போன் போட்டு, இரண்டுமே வேண்டாம், வந்த ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேப்பமரத்தடியில் வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அப்பாவே சரியென்று சொன்ன பிறகு உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டேன்.

"அவ்வளவு பெரிய வண்டிய எங்க பாப்பா நிறுத்தறது?" என்றார்.

இது ஒரு கேள்வியா என்று இருந்தது எனக்கு. அவருடைய கையைப் பிடித்து எழுப்பி, மரத்தடியையும், கிணற்றடியையும், பின்கட்டு வரை நீண்டு கிடந்த மண்தரையையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"இவ்ளோ இடம் இருக்கே, சித்தப்பா."

நான் காட்டிய இடத்தையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டே வந்தார்.