பீரோ மூலைச் சாம்பிராணி

பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிப்போன மறுவருஷம், முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக்குக் குடிபோனோம். வீட்டுக்கார அம்மாள் ஒல்லியானவர். நெற்றி நிறையத் திருநீறு. எங்கள் பீரோவை வடக்கு மூலையில் வைக்கச் சொன்னதே அவர்தான். "லட்சுமி இருக்கிற எடம்மா, நவுத்திடாத" என்றார். மழை பிடித்துக்கொண்டதும் தினமும் சாயங்காலம் தூபக்கால் நிறையத் தணலோடு வந்து, அந்த மூலையில் நெடுநேரம் சாம்பிராணி போடுவார். பெற்ற தாய்கூட எனக்கு இவ்வளவு செய்ததில்லை என்று நெகிழ்ந்துபோவேன்.

ஒருநாள் பீரோவைத் திறந்தால், கல்யாணப் புடவை மடிப்பெல்லாம் பூசணம் பூத்திருந்தது. பீரோவை இழுத்து நகர்த்தினேன். பின்சுவர் ஆளுயரத்துக்குக் கறுத்து ஊறிக் கிடந்தது.

"ஈரம் காயட்டும்னுதாம்மா தணல் கொண்டாந்தேன். முன்னாடியே சொல்லியிருந்தா நீ குடி வந்திருப்பியா?" என்றார், முகம் மாறாமல்.

புடவை போனால் போகட்டும். அந்தப் புகையைத் தினமும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேனே!